பிட்டர் ராவிய மெமரி

முதலில் தப்பு செய்தது மச்சினன்தான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். பின்னால் நடந்ததையெல்லாம் பார்த்துப் பிட்டர் மேல் பழி போடுகிறவர்கள் இந்த முதல் வரியை மறந்துவிடக் கூடாது.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. மச்சினன் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான். மூன்றாவது பித்தான் மட்டும் வேறு நிறம். அக்கா வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பாகம் பாகமாகக் கம்ப்யூட்டரைப் பூட்டிக்கொண்டிருந்தான். மெமரி செருகுவதற்கு உள்ளே இரண்டு பள்ளம் இருந்தது. ஒன்றில் நாலு ஜிபி செருகினான். இன்னொன்றைச் சும்மா விட்டான்.

"ஏன் மாப்ள, அதைக் காலியா விடுற?" என்று பிட்டர் கேட்டார்.

மச்சினன் வாயில் கடித்திருந்த திருப்புளியை எடுத்தான். அக்காவைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரையும் பார்த்தான். பிறகு சொன்னான்.

"உங்களுக்கு இது போதும் அத்தான்."

பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார்.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் பிட்டராக இருந்தவர் அவர். ஊரே அவரைப் பிட்டர் என்றுதான் கூப்பிடும். அவர் அரத்தால் ராவி எடுத்த இரும்பில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்று மேஸ்திரியே சொல்லியிருக்கிறார். அந்த மனிதரைப் பார்த்து 'உங்களுக்கு இது போதும்'. மூன்றே வார்த்தை. ஆனால் மூன்றும் நெஞ்சில் நட்டும் போல்ட்டுமாக இறுகிவிட்டன.

இன்னொரு மெமரிக்குக் கூடக் கொஞ்சம் காசு ஆகும் என்று மச்சினன் முந்தின நாளே சொல்லிக் கேட்டதும், 'ஒரு பைசா தர மாட்டேன்' என்று பிட்டர் சொன்னதும் உண்மைதான். அது வேறு விஷயம்.

இப்போது அந்தக் கம்ப்யூட்டருக்கு வாதம் வந்துவிட்டது. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பல் தேய்க்கலாம், குளிக்கலாம், வேட்டியை அலசிக் காயப் போடலாம். திரும்பி வந்தால் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிட்டருக்குச் சுற்றுகிற எதையும் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரத் தெரியாது. தொழிற்சாலையில் ஒன்று சுற்றினால் அதனால் ஏதாவது வேலை நடக்கும். இது வெறுமனே சுற்றியது. அவரும் கூடச் சுற்றினார். முன்னறையிலிருந்து பின்னறைக்குப் பதினோரு எட்டு, பின்னறையிலிருந்து முன்னறைக்குப் பதினோரு எட்டு.

அவருக்காவது செஸ் ஆட மட்டும்தான் அது வேண்டும். அவர் மனைவிக்குப் பிழைப்பே அதில் இருந்தது. அவள் தையல்காரி. முன்னறையில் ஒரு பக்கம் தையல் மெஷின், மறு பக்கம் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு அறுபது செட் சீருடை தைக்க ஆர்டர் வந்திருந்தது. அளவுகளையும் படங்களையும் கம்ப்யூட்டருக்கு அனுப்பியிருந்தார்கள். படத்தைத் திறந்தால் கழுத்து வரைக்கும் வரும், அதோடு நின்றுவிடும். மூன்று நாளாக அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, நடந்தது போதும். தரை தேயுது. என் தம்பியைக் கூப்பிடுறேன்."

"கூப்பிடு. அவன் இந்த வாசல் வழியா வந்தா நான் அந்த வாசல் வழியா போறேன்."

"நமக்கு இருக்கறதே ஒரு வாசல்."

"அப்போ ஜன்னல் வழியா போறேன்."

"கம்பி இருக்கு."

"கம்பியை ராவிட்டுப் போறேன்."

"நாலு வருஷம் முன்னால ஏதோ வாய் தவறிச் சொன்னான். அதைப் போய் இன்னும் வெச்சுக்கிட்டு. மெஷினுக்கு மெமரி பத்தலைங்கறான் அவன். உங்க மெமரியில பாதியைக் கழட்டி அதுல போட்டா மெஷினும் ஓடும், வீடும் நிம்மதியா இருக்கும்."

பிட்டர் நின்றார். ஒரு பெரிய முடிவு அவருக்குள் எழுந்தது. பெரிய முடிவு எழும்போது அவர் வேட்டியை மடித்துக் கட்டுவார். கட்டினார்.

"நானே வாங்கிட்டு வந்து நானே போடுறேன்."

"நீங்களா?"

"முப்பத்தொரு வருஷம் பிட்டர். ஒண்ணுக்குள்ள ஒண்ணைச் செருகுறதுதானே என் தொழிலே. ஞாயித்துக்கிழமை உன் தம்பி வரட்டும். மெஷின் பறக்கும். அவன் என் முன்னால நின்னு, 'தப்பாச் சொல்லிட்டேன் அத்தான்'னு சொல்லணும். பக்கத்து வீட்டுக்காரரும் இருக்கணும்."

அவள் கொஞ்ச நேரம் ஊசியில் நூல் கோத்தாள். பிறகு கேட்டாள்.

"ஓடலைன்னா?"

"ஓடும்."

"ஓடலைன்னா பின் ரூம் எனக்கு. உங்க பட்டறை மேசையை எடுத்துட்டு என் கட்டிங் டேபிளைப் போடணும். தரையில உக்காந்து துணி வெட்டி வெட்டி முட்டி போச்சு. ரெண்டு வருஷமாக் கேக்குறேன்."

பின்னறை பிட்டரின் ராஜ்ஜியம். ஓய்வு பெற்ற அன்று தொழிற்சாலையில் கொடுத்த, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் அங்கே மேசையில் பூட்டியிருந்தது. பதினேழு அரம், பெரிய அரத்திலிருந்து குழந்தை அரம் வரைக்கும், சுவரில் வரிசையாகத் தொங்கின. அந்த அறையில் மட்டும்தான் யாரும் அவரிடம் 'தள்ளுங்க' என்று சொன்னதில்லை.

"சரி," என்றார். வாய் சொல்லிவிட்டது.

"ரெண்டாயிரத்து ஐநூறு தரேன். அதுக்கு மேல ஒரு காசு கிடையாது. போகும்போது உள்ள இருக்கறதைக் கழட்டி மாதிரிக்கு எடுத்துட்டுப் போங்க."

"மாதிரி எடுத்துட்டுப் போக நான் என்ன பட்டனா வாங்கப் போறேன்? என்கிட்ட அளவு இருக்கு."

நுணுக்கமாக அளவெடுக்கும் வெர்னியரைக் கொண்டுவந்தார். கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றினார். காலிப் பள்ளத்தை அளந்தார். நூற்று முப்பத்து மூன்று புள்ளி மூன்று மில்லிமீட்டர். மறுபடி அளந்தார். அதே. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் பிட்டரின் வயதில் பாதிகூட இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார் வேணும்?"

"மெமரி. எட்டு ஜிபி. நூத்தி முப்பத்தி மூணு புள்ளி மூணு."

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தினார். "அது என்ன சார்?"

"நீளம்."

"எல்லாமே அந்த நீளம்தான் சார். டி.டி.ஆர் த்ரீயா, போரா?"

பிட்டருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. பதில் தெரியாத கேள்வி எதுவுமே அவருக்குப் பிடிக்காது.

"என்ன வித்தியாசம்?"

"த்ரீ பழசு. செகண்ட்ஸ்ல கிடைக்கும், விலை கம்மி. போர் புதுசு. உங்களோடது பழைய மெஷினா சார்?"

"யாரு பழசு?"

"மெஷின் சார்."

"நாலு வருஷம்தான் ஆகுது."

"புதுசா வாங்கினதா, பழசை வாங்கினதா?"

இதையும் மச்சினன் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த நேரம் பிட்டர் மூன்றாவது பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். மூணா நாலா என்று யோசித்தார். மூணைவிட நாலு பெரிது. இதற்குப் படிப்பு எதற்கு?

"நாலைக் குடு."

"பொருந்தலைன்னா திருப்பி எடுக்க மாட்டோம் சார். எதுக்கும் பழசைக் கழட்டி எடுத்துட்டு வந்து காட்டிடுங்களேன்."

வீட்டிலும் மாதிரி, கடையிலும் மாதிரி. அவருக்கு எரிந்தது. "தம்பி, நான் பிட்டர். பொருந்தாததைப் பொருத்தறதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுத்தாங்க."

இரண்டாயிரத்து நானூறு. நூறு மிச்சம் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தார்.

மெமரி பள்ளத்தில் இறங்கவில்லை.

நீளம் சரி, மில்லிமீட்டர் பிசகவில்லை. ஆனால் மெமரித் தகட்டின் அடிவிளிம்பில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். பள்ளத்தின் நடுவில் அந்த வெட்டில் உட்காருகிற மாதிரி ஒரு முட்டு இருக்கும். முட்டு ஓரிடத்தில் இருந்தது, வெட்டு அதற்கு ஒரு நெல்லளவு தள்ளி இருந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார். இப்போது இன்னும் அதிகம் தள்ளிப் போயிற்று. மூன்று நாள் அதையே கையில் வைத்துக்கொண்டு பதினோரு எட்டு நடந்தார். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை பிற்பகல் அவருக்குள் பழைய பிட்டர் விழித்துக்கொண்டான். தொழிற்சாலையில் ஒரே வேதம்தான்: இறுகினால் எண்ணெய், இடித்தால் அரம்.

பின்னறைக்குப் போனார். தகட்டைத் துணி சுற்றி வைஸில் பூட்டினார். குழந்தை அரத்தை எடுத்து வெட்டை ராவினார். அந்த விளிம்பில் பல்வரிசை மாதிரி சின்னச் சின்னத் தங்கக் கோடுகள் இருந்தன. அவற்றில் நாலைந்து பொடியாகி உதிர்ந்தன. கொஞ்சம் யோசித்தார். அவருக்கே மேல்வரிசையில் மூன்று பல் இல்லை. சாப்பிடாமலா இருக்கிறார்?

இப்போது இறங்கியது. கட்டைவிரல் இரண்டையும் வைத்து அழுத்தினார். 'க்ளக்' என்றது. அந்தச் சத்தத்துக்காகத்தான் அவர் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தார். மூடியைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினார்.

பீ... பீ... பீ...

திரை கறுப்பாகவே இருந்தது. மனைவி தையலை நிறுத்தினாள்.

"என்னங்க அது, பசிக்கு அழுவுதா?"

"புதுப் பொருள். அப்படித்தான் இருக்கும்."

பீ... பீ...

"என்னமோ பின் ரூம் எனக்குன்னு சொல்ற மாதிரி இருக்கே."

"புது பம்பு முதல் நாள் சத்தம் போடாம ஓடுமா? பேரிங் உக்காரணும். ரெண்டு மணி நேரம் விட்டா தானா செட் ஆகும். நான் போய் முடி வெட்டிட்டு வரேன். யாரும் தொடாதீங்க."

'யாரும்' என்று அவர் சொன்னது அவளை மட்டும்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார்.

சலூனில் அவருக்கு முன்னால் மூன்று பேர். ஆறு தடவை எழுந்தார், ஆறு தடவை உட்கார்ந்தார். சலூன்காரர் கண்ணாடியிலேயே பார்த்தார்.

"என்னண்ணே, நாற்காலியில ஆணி இருக்கா?"

"நீ போன வருஷம் என் மீசையை ஒரு பக்கம் குறைச்சுட்டே. அதையே நான் கேக்கல."

"இதோட எட்டாவது தடவையாக் கேக்கலைங்கறீங்க."

இரண்டரை மணி நேரம் கழித்து, கழுத்தெல்லாம் முடியோடு வீடு திரும்பினார். வாசலில் மனைவி வெளியே போட்டுக்கொண்டு போகிற செருப்பு கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் அது ஏன் வெளியே வந்தது என்று ஒரு மணி நேரம் விசாரித்திருப்பார். இன்று தாண்டிப் போனார். நேராகச் சுவிட்ச்.

அழுகை இல்லை. வட்டமும் இல்லை. அவர் நாற்காலியை இழுத்துக் கண்ணாடியை மூக்கில் மாட்டுவதற்குள் திரை பளிச்சென்று விரிந்தது. நர்ஸ் சீருடை கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் முழுசாக வந்து நின்றது.

பிட்டர் ஒரு தடவை அணைத்துப் போட்டார். இன்னொரு தடவை அணைத்துப் போட்டார். ஏழு தடவை.

"பார்த்தியா? பார்த்தியாடி? பேரிங் உக்காந்துடுச்சு."

"ஆமாங்க," என்றாள் அவள், துணியிலிருந்து தலை நிமிராமல். "கை ராசி."

பல வருஷம் கழித்து மனைவி ஒத்துக்கொண்ட ஒரே விஷயம். அதில்தான் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். பக்கத்து வீட்டுக்காரரையும் பிட்டர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சுவரோரம் உட்காரவைத்தார். சாட்சி முக்கியம். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை மாதிரி சுவிட்சைத் தட்டினார்.

மச்சினன் காலுக்கு மேல் கால் போடப் போனான். போட்டு முடிப்பதற்குள் திரை வந்துவிட்டது. காலைக் கீழே இறக்கினான்.

"அத்தான், யாரு போட்டா?"

"ஏன், நான் போட்டா ஏறாதா?"

"நெஜமாவா?"

"உன் அக்காவைக் கேளு."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்து மடிப்புக்கு அடையாளம் போட்டுக்கொண்டிருந்தாள். "அவர்தான் மூணு நாளா அதோடயே கிடந்தார்," என்றாள். பொய் இல்லை.

மச்சினன் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். "அத்தான், அக்கா எல்லாம் சொன்னா. அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன். உங்களுக்கு ஞாபகம் இருக்காது..."

பிட்டருக்குக் கட்டம் போட்ட சட்டை ஞாபகம் வந்தது. பதினொன்றரை மணி ஞாபகம் வந்தது. நாலு வருஷம் காத்திருந்த வார்த்தை அவன் உதட்டு வரைக்கும் வந்துவிட்டது. அதை முழுசாக வாங்கிக்கொள்ள நெஞ்சை நிமிர்த்தி, ஒரு தடவை பெருமையாக மனைவி பக்கம் திரும்பினார்.

அவள் கையில் பச்சையாக ஒரு தகடு இருந்தது. அதைத் துணி மேல் வைத்து, ஓரத்துத் தங்கக் கோடுகளை எண்ணி, சாக்பீஸால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். கோடுகளுக்கு நடுவே ஒரு வெட்டு. வெட்டில் அரத்தின் தடம். ஆயிரம் பேர் ராவினாலும் தன் கைத்தடம் பிட்டருக்குத் தெரியும்.

அது இங்கே இருந்தால், மெஷினுக்குள்ளே இருப்பது என்ன?

"எந்தக் கம்பெனி மெமரி அத்தான்?" மச்சினன் பையிலிருந்து திருப்புளியை எடுத்தான். "மூடியைக் கழட்டிப் பார்த்துட்டே பேசலாமே."

"ஏங்க, கழட்டிக் காட்டட்டுமா?" என்றாள் மனைவி. குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

பிட்டர் இரண்டே எட்டில் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "என்னடி இது?" என்றார், சாக்பீஸுக்குக்கூடக் கேட்காத குரலில்.

"மடிப்புக் குறிக்கறேன். எல்லாக் கோடும் ஒரே இடைவெளி. நீங்க ராவின இடம் சாக் நுனிக்கு அளவெடுத்த மாதிரி இருக்கு." அவளும் குரலைத் தாழ்த்தினாள். "நான் பட்டன் வாங்கப் போனா துணியை எடுத்துட்டுத்தாங்க போவேன். நேத்து இதைப் பிடுங்கிட்டு, உள்ள இருந்த பழசைக் கைக்குட்டையில சுத்திக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்தார், செகண்ட்ஸ்ல ஒண்ணு எடுத்துக் குடுத்தார். எப்படிச் செருகறதுன்னும் சொல்லிக் குடுத்தார். உங்களைத்தான் ரொம்ப விசாரிச்சார்."

"எதுக்கு என்கிட்ட சொல்லல?"

"தம்பி வர்றான். உங்க மானம் போகக் கூடாதேன்னுதான்." ஒரு புள்ளி வைத்தாள். "இப்பவும் அவன் அந்த வார்த்தையைச் சொல்லிடுவான். நீங்க வாங்கிக்கங்க. நான் வாயே திறக்க மாட்டேன். முட்டிதான் வலிக்குது."

மச்சினன் முதல் திருகில் திருப்புளியை வைத்துவிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகத் தெரிவதற்காக நகர்ந்து உட்கார்ந்தார்.

"அத்தான், நான் என்ன சொல்ல வந்தேன்னா, அன்னைக்குத் தப்பா..."

"விடு மாப்ள," என்றார் பிட்டர். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது. "அதெல்லாம் நான் மனசுல வெச்சுக்கவே இல்ல."

மனைவியின் சாக்பீஸ் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் காதைக் குடைந்துகொண்டார்.

"இல்ல அத்தான், சொல்லிடறேனே."

"சொல்லாதே. அந்தத் திருப்புளியை உள்ள வை. எழுந்திரு. பின் ரூம்ல ஒரு மேசை இருக்கு, ஒரு பக்கம் பிடி."

"எதுக்கு?"

"உங்க அக்காவுக்கு முட்டி வலிக்குது. ரெண்டு வருஷமா வலிக்குது. ஒரு வீட்டுல இதைக்கூடக் கவனிக்கலைன்னா எப்படி?"

"அத்தானுக்கு எவ்ளோ மனசு," என்றான் மச்சினன். பக்கத்து வீட்டுக்காரரும் ஆமாம் என்றார். அவர் வாழ்நாளில் பிட்டரைப் பாராட்டியது அன்றுதான். அது பிட்டருக்கு மேசையைவிடக் கனத்தது.

பட்டறை மேசை சந்துக்குப் போயிற்று. கட்டிங் டேபிள் அறையின் நடுவில் வந்து உட்கார்ந்தது. பிட்டர் பதினேழு அரத்தையும் வைஸையும் அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் பதினோரு எட்டு முன்னும் பதினோரு எட்டு பின்னும் நடந்தார்.

மனைவி டேப்பை எடுத்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலையை அளந்தாள். தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டாள். ஒரு முழம் நீளம், ஒரு முழம் அகலம்.

"இங்க வெச்சுக்கங்க," என்றாள். "உங்களுக்கு இது போதும்."